ஆற்றில் விட்ட உயில்

தையல் பிரித்து இரண்டு மாதம் ஆகிறது. பள்ளிக்கூடத்தில் ஆசிரியைகள் அறைக்குள் நான் நுழைந்ததும் யாராவது ஒருத்தி நாற்காலியை இழுத்துப் பக்கத்தில் போட்டுக்கொண்டு, குரலைத் தாழ்த்தி, "வலி ரொம்ப இருந்துச்சா டீச்சர்?" என்று கேட்கிறாள். எங்கள் வயதுக்காரிகள் எல்லோருக்கும் அந்தப் பயம் இருக்கிறது. கர்ப்பப்பையை எடுத்துவிட்டால் உடம்பு பெருத்துவிடுமா, தண்ணீர்க் குடம் தூக்கலாமா, எத்தனை நாள் லீவு போட வேண்டும் என்று கேட்கிறார்கள். எல்லாவற்றுக்கும் பதில் சொல்கிறேன். வலி மறந்துபோகும் என்கிறேன். அது உண்மைதான். மறக்காத ஒன்றைப் பற்றி அவர்கள் கேட்பதில்லை. அதனால் எழுதி வைக்கிறேன்.

எனக்கு ஐம்பது வயது. பாளையங்கோட்டையில் ஒரு பெண்கள் பள்ளியில் கணக்குச் சொல்லிக்கொடுக்கிறேன். கணவர் பொதுப்பணித்துறையில் குமாஸ்தா. ஒரே மகள் கோமதி, ஏழாம் வகுப்பு.

ஒன்றரை வருடமாக மாதவிலக்கு பத்து நாள், பதினைந்து நாள் என்று நீண்டுகொண்டே போனது. நிற்கப்போகிற வயது, அப்படித்தான் இருக்கும் என்று எனக்கு நானே வைத்தியம் சொல்லிக்கொண்டேன். மாடி ஏறினால் மூச்சு வாங்கியது. நகமெல்லாம் வெளுத்துப்போனது. ஒருநாள் ஒன்பதாம் வகுப்பில் வட்டத்துக்குத் தொடுகோடு வரைந்துகொண்டிருந்தபோது கரும்பலகை சாய்ந்து என்மேல் வந்தது. பலகை சாயவில்லை, நான்தான் சாய்ந்தேன் என்று பிள்ளைகள் பிறகு சொன்னார்கள்.

ஸ்கேன் எடுத்தார்கள். கர்ப்பப்பைச் சுவரில் சதை கட்டியாக வளர்ந்திருந்தது. ஃபைப்ராய்டு என்பார்கள். சின்னத் தேங்காய் அளவு என்று டாக்டரம்மா கையைக் குவித்துக் காட்டினார். பெரும்பாலும் அது புற்றுநோய் இல்லை. ஆனாலும் உள்பக்கத்தைக் கொஞ்சம் சுரண்டி எடுத்துச் சோதனைக்கு அனுப்பிப் பார்த்துவிட வேண்டும். அதற்குப் பெயர் பயாப்சி. முடிவு வர எட்டு நாள்.

"டீச்சர், மார்க் குறைஞ்ச பிள்ளைகளை நீங்க வெளிய நிப்பாட்டுவீங்கள்லா?" என்று கேட்டார் டாக்டரம்மா. "உங்க ரத்தம் ஆறு மார்க்கு. பன்னெண்டு இருக்கணும். பத்து மார்க்காவது இருந்தாத்தான் மயக்க மருந்து குடுக்கவரு உங்களைத் தொடுவாரு."

ஹீமோகுளோபின் என்பதை அவர் அப்படித்தான் எனக்கு விளக்கினார். மருந்துச் சீட்டோடு எட்டாம் நாள் வரச் சொன்னார்.

அந்த எட்டு நாளும் நான் பள்ளிக்கூடம் போகவில்லை. என் கணவர் காலையில் கோமதிக்கு இரட்டைச் சடை போட்டுவிட்டார். ஒரு சடை காதுக்கு மேலேயும் இன்னொன்று கழுத்துக்கு அருகேயும் இருக்கும். அவள் அப்படியே பஸ் ஏறிப் போனாள். வழக்கமாக ரிப்பன் ஒரு விரல்கடை தள்ளிப்போனாலும் அழுகிறவள்.

எட்டாம் நாள் காத்திருக்கும் அறையில் பெயர் கூப்பிடுகிறவரை பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். பழுப்பு உறையை மடியில் வைத்துக்கொண்டு இருபது பெண்கள். யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை. முடிவு நல்லபடியாக இருந்தது. ஆனால் கட்டியை எடுத்து அதையும் சோதித்த பிறகுதான் உறுதியாகச் சொல்ல முடியும் என்றார்கள். பிறகு இதயத்தைப் படம் பிடித்தார்கள். ரத்தம் இல்லாமல் ஓடி ஓடி அது வீங்கியிருந்தது. மயக்க மருந்து டாக்டர் சிரிக்காத மனிதர். "கொஞ்சம் ரிஸ்க்தான்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். அன்றைக்கே படுக்கையில் சேர்த்துவிட்டார்கள்.

அன்று சாயங்காலம் நான் என் கணவரிடம் வீட்டிலிருக்கும் காகிதப் பெட்டியைக் கொண்டுவரச் சொன்னேன். "எதுக்குட்டி இப்பப் போயி?" என்றார். கொண்டுவந்தார். பி.எஃப். தாளை எடுத்துப் பார்த்தால் நாமினி என்ற இடத்தில் என் அம்மா பெயர். வேலையில் சேர்ந்த வருடம், கல்யாணத்துக்கு முன்னால் எழுதியது. அம்மா போய் ஆறு வருடம் ஆகிறது. நான் இறந்தால் என் பணம், இறந்துபோன என் அம்மாவைத் தேடிக்கொண்டு அலையும். எத்தனை பிள்ளைகளின் விடைத்தாளில் 'கவனக்குறைவு' என்று சிவப்பு மையில் எழுதியிருப்பேன். தலைமையாசிரியைக்குச் சொல்லி அனுப்பிப் புதிய படிவம் வரவழைத்துக் கையெழுத்துப் போட்டேன்.

வீட்டைப் பற்றி எனக்குக் கவலை இல்லை. அந்த உயிலைத்தான் ஆற்றில் விட்டாயிற்றே என்று நினைத்தேன்.

அந்த உயிலைப் பற்றிச் சொல்ல வேண்டும். கல்யாணமாகிப் பதினோரு வருடம் எங்களுக்குக் குழந்தை இல்லை. பெருமாள்புரத்து வீடு என் சம்பளத்தில் கடன் வாங்கிக் கட்டியது. என் பெயரில் இருக்கிறது. என் மாமியார் ஒருநாள் சொன்னார்கள்: "நாளைக்கு உங்க ரெண்டு பேருக்கும் கொள்ளி வைக்க ஒருத்தன் வேணும்லா. சின்னவன் மவனுக்கு எழுதி வச்சிரு. அவன் செய்வான்." சின்னவன் என்றது என் கொழுந்தனாரை. அவர் மகன் குமாருக்கு அப்போது பத்து வயது. மறுத்துப் பேச எனக்கு என்ன இருந்தது? பத்திரம் எழுதுகிறவர் தாளின் நான்கு மூலையிலும் மஞ்சள் தடவி, மேலே பிள்ளையார் சுழி போட்டு எழுதினார். 'எனக்குப் புத்திர சந்தானம் இல்லாதபடியாலும், இனிமேல் உண்டாகும் என்ற நம்பிக்கை இல்லாதபடியாலும்' என்று தொடங்கியது. அந்த வரியை வாசித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டேன். பதிவும் செய்தார்கள்.

மூன்று வருடம் கழித்துக் கோமதி பிறந்தாள். நாங்குநேரியில் அம்மா வீட்டில் பிள்ளையோடு படுத்திருந்தபோது, அந்த வரி இருக்கிற தாள் எங்கள் வீட்டில் இருக்கக் கூடாது என்று கணவருக்கு எழுதினேன். அடுத்த வாரம் வந்தபோது சொன்னார்: "குறுக்குத்துறைல குளிக்கப் போனேன். பழைய ஜாதகம், கண்ணாடி உடைஞ்ச சாமி படத்தோட சேத்து அதையும் ஆத்துல விட்டுட்டேன். முடிஞ்சுது." பிள்ளையார் சுழி போட்ட தாளைக் கிழிக்கவோ அடுப்பில் வைக்கவோ அவருக்கு மனம் வரவில்லை. எங்கள் வீடுகளில் அப்படிப்பட்டதை ஆற்றில்தான் விடுவோம். தாமிரபரணி கொண்டுபோனது திரும்பி வராது என்று எனக்கும் நிம்மதியாகத்தான் இருந்தது.

என் ரத்தம் ஓ நெகட்டிவ். எளிதில் கிடைக்காத வகை. என் கணவருக்கும் கோமதிக்கும் வேறு. குமாருக்கு அது இருந்தது. இருபத்தைந்து வயதுப் பையன், வண்ணார்பேட்டையில் ஒரு மோட்டார் உதிரிபாகக் கடையில் வேலை பார்க்கிறான். அவன் கொடுத்தான், எங்கெங்கோ விசாரித்து இன்னும் இரண்டு பேரைக் கூட்டிவந்தான். மூன்று பைகள். ஏற்றும்போது அதில் எது அவனுடையது என்று யோசித்துக்கொண்டு படுத்திருந்தேன். தினமும் கடை திறக்கும் முன் வருவான். பிளாஸ்க்கில் வெந்நீர் பிடித்து வைப்பான். "பெரியம்மா, கீரை அவிச்சிக் கொண்டாந்திருக்கேன். மூஞ்சியச் சுளிக்காமத் திங்கணும்" என்பான்.

வெள்ளிக்கிழமை. பக்கத்துக் கட்டிலில் ஏரலில் இருந்து வந்த ஓர் அம்மா. மறுநாள் காலை வீட்டுக்குப் போகிறவள். என் ஓரகத்தி, குமாரின் அம்மா, அன்று என்னைப் பார்க்க வந்து ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தாள்.

"அந்தத் தம்பி உங்க மவனாம்மா? கண்ணும் கருத்துமா பாக்கான்" என்று ஏரல் அம்மா கேட்டாள்.

"என் மவன்தான். அக்காவுக்கும் மவன்தான்" என்றாள் ஓரகத்தி. "கொள்ளி வைக்க அவனைத்தானே எழுதி வச்சிருக்காவ. வீடும் அவனுக்குத்தானே வருது."

நான் தலையைத் தூக்கினேன். "அது பழைய கதைலா. அதை அப்பவே ஆத்துல விட்டாச்சே."

அவள் சிரித்தாள். "காகிதத்தைத்தானேக்கா ஆத்துல விட்டிய. பத்திர ஆபீஸ் புஸ்தகத்துல இருக்குல்லா. நம்பரை எங்க வீட்டுக்காரவுக டைரியில குறிச்சு வச்சிருக்காவ." ஒரு சுளையை என் கையில் வைத்தாள். "அதுக்காவ இப்ப ஒண்ணுமில்ல. நீங்க நல்லபடியா எந்திரிச்சு வரணும்."

அவள் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. அதுதான் என்னை நடுங்க வைத்தது. சந்தேகமே இல்லாத ஒரு விஷயத்தைச் சொல்கிறவளின் குரல் அது. கட்டிலின் கால்மாட்டில் கோமதி ஜாமெட்ரி பாக்ஸைத் திறந்து வைத்துக்கொண்டு முக்கோணம் வரைந்துகொண்டிருந்தாள். இந்த உடம்பு மேசையிலேயே நின்றுபோனால் அந்தப் பிள்ளைக்கு இருக்கிற வீடு அவளுடையது இல்லை.

எங்கள் பள்ளியில் அறிவியல் சொல்லிக்கொடுக்கும் ரோஸ்லின் டீச்சரின் கணவர் பாளையங்கோட்டைக் கோர்ட்டில் வக்கீல். இருவரும் மறுநாள், சனிக்கிழமை, என்னைப் பார்க்க வந்தார்கள். என் கணவர் ஆற்றுக் கதையைச் சொல்லி முடிக்கும் வரை வக்கீல் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு கேட்டார்:

"உயில் என்ன முளைப்பாரியாவே, ஆத்துல கரைக்கதுக்கு?"

ரோஸ்லின் முழங்கையால் இடித்தாள். அவர் அடக்கிக்கொண்டு என் பக்கம் திரும்பினார். "டீச்சர், உயிலை அழிக்கணும்னா எழுதினவுக கையாலயே கிழிக்கணும், எரிக்கணும். இல்லன்னா அவுக சொல்லி, அவுக கண்ணு முன்னால வேற ஆளு செய்யணும். நீங்க நாங்குநேரில. இவரு குறுக்குத்துறைல. செல்லாது."

"பிள்ள பொறந்துட்டாளே சார்? பிள்ள இல்லன்னுதானே அதை எழுதினது?"

"பிள்ள பொறந்தது உயிலுக்கு எப்படித் தெரியும்? நீங்கதான் அதுக்குச் சொல்லணும்."

பன்னிரண்டு வருடமாக நான் அதற்குச் சொல்லவில்லை.

வழி எளிதுதான் என்றார். புதிதாக ஒன்று எழுதி, பழையதை ரத்து செய்கிறேன் என்று ஒரு வரி சேர்த்தால் போதும். கடைசியாக எழுதியதுதான் செல்லும். முத்திரைத்தாள் வேண்டாம், வெள்ளைத்தாள் போதும். பதிவைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். நான் கையெழுத்துப் போடுவதைப் பார்த்து இரண்டு சாட்சிகள் கையெழுத்துப் போட வேண்டும். புத்தி தெளிவாக இருக்கிறது என்று டாக்டரிடம் ஒரு சீட்டு. "வீட்டுக்காரரே சாட்சி போட்டா நாளைக்கு யாராவது வழக்குக்கு வந்தா வாதம் பண்ணுவாக. வெளி ஆளா இருக்கட்டும். நானும் இவளும் போடுதோம். ஆபரேஷன் புதன்கிழமைதானே? நாகர்கோவில்ல ஒரு கல்யாணம், திங்கள் ராத்திரி வந்துருவேன். செவ்வாய் காலைல முடிச்சிருவோம்."

அவர்கள் போனதும் என் கணவர் சன்னலோரம் நின்றுகொண்டு சொன்னார்: "பையன் ரத்தம் குடுத்த காயம் கூட ஆறல. தம்பி மூஞ்சில நான் எப்படி முழிப்பேன்?"

"கோமதி மூஞ்சில எப்படி முழிப்பிய?" என்றேன். அவர் பிளாஸ்க்கை எடுத்துக்கொண்டு வெளியே போனார். வெந்நீர் ஏற்கெனவே இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் உதிரம் மறுபடியும் கொட்டத் தொடங்கியது. ஏற்றிய ரத்தம் எல்லாம் போய்விடும், காத்திருக்க முடியாது, நாளைக் காலை எட்டு மணி என்று டாக்டரம்மா முடிவு செய்தார். செவ்வாய்க்கிழமை என்று ஒன்று எனக்கு இல்லாமல் போனது.

கோமதியின் கணக்கு நோட்டின் நடுவிலிருந்து இரண்டு தாள்களைப் பிரித்து எடுத்து என் கையாலேயே எழுதினேன். எழுத்து ஓடவில்லை. நாலைந்து வரிகள்தான். என் வீடு என் மகள் கோமதிக்கு. அவளுக்குப் பதினெட்டு வயது ஆகும்வரை அவள் தகப்பனார் பொறுப்பு. முன்பு எழுதிய உயிலை ரத்து செய்கிறேன். டாக்டரம்மா சீட்டு எழுதிக் கொடுத்தார். "கணக்கு டீச்சருக்குப் புத்தி தெளிவுன்னு நான் சர்டிபிகேட் தரணுமா?" என்று கேட்டுவிட்டு, என் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பை நிறுத்திக்கொண்டார்.

திங்கட்கிழமை காலை ஆறரை மணிக்கு, நாங்கள் சொல்லி அனுப்பியபடி, ரோஸ்லின் மட்டும் வந்துவிட்டாள். ஒரு சாட்சி ஆயிற்று. டாக்டர்களும் நர்சுகளும் நோயாளிகளின் பத்திரங்களில் கையெழுத்துப் போடக் கூடாது என்பது அங்கே விதி. ஏரல் அம்மாவின் கட்டில் காலியாகக் கிடந்தது. பச்சை அங்கியை எனக்கு மாட்டிவிட்டார்கள். வளையல், தாலிச் சங்கிலி எல்லாம் ஒரு கைக்குட்டையில் முடிந்து என் கணவர் கையில் இருந்தது. ரோஸ்லின் வராண்டாவுக்கும் கட்டிலுக்குமாக நடந்தாள். "யாரைக் கேக்கது டீச்சர்? வாட்ச்மேனைக் கூப்பிடட்டா?"

அப்போது குமார் இளநீரோடு உள்ளே வந்தான். முழங்கை மடிப்பில் பிளாஸ்திரி இன்னும் ஒட்டியிருந்தது.

நான் என்ன நினைத்தேன் என்பதைச் சொல்லிவிட வேண்டும். இல்லையென்றால் இதை எழுதுவதில் அர்த்தம் இல்லை. ஆள் கிடைக்காத பதற்றத்தில் அவனைக் கூப்பிட்டேன் என்றுதான் என் கணவரிடம் பிறகு சொன்னேன். அது பாதிதான். வாட்ச்மேன் வெளியே இருந்தார், கூப்பிட்டிருக்கலாம். இவன் கையெழுத்தே இதில் இருந்தால் இவன் வீட்டார் நாளைக்கு ஒரு வார்த்தை பேச முடியாது என்று என் மூளை கணக்குப் போட்டது. சாகப் போகிறோமோ என்று பயந்து கிடக்கிற நேரத்தில் அந்தக் கணக்கு மட்டும் பிசகாமல் வந்தது.

"குமாரு, இங்கன வா. நான் கையெழுத்துப் போடுததைப் பாரு. பெறவு இதுல நீ ஒரு கையெழுத்துப் போடு."

"என்ன பேப்பர் பெரியம்மா?"

"ஆபரேஷன் பேப்பர்தான். ஆஸ்பத்திரில கேக்காவ."

தாளின் மேல்பாதியை என் உள்ளங்கையால் மூடியிருந்தேன். ரோஸ்லின் என்னைப் பார்த்தாள். என் கணவர் சன்னலுக்கு வெளியே பார்த்தார். நான் கையெழுத்துப் போட்டேன். ரோஸ்லின் போட்டாள். குமார் குனிந்து, என் கைக்குக் கீழே, முழுப் பெயரையும் தகப்பனார் பெயரையும் அழகாக எழுதினான். அவனுக்கு எழுத்துப் பழக்கிக் கொடுத்தவளே நான்தான்.

"பயப்படாதிய பெரியம்மா. நான் இங்கனதான் வெளிய நிக்கேன்" என்றான்.

ஸ்ட்ரெச்சரில் போகும்போது கோமதி கூடவே ஓடிவந்தாள். சடை இரண்டும் அன்றைக்குச் சரியாக இருந்தன. யார் போட்டுவிட்டது என்று கேட்க நினைத்தேன். அதற்குள் கதவு வந்துவிட்டது.

விழித்தபோது வயிற்றில் ஒரு அம்மிக்கல்லை வைத்தது போலிருந்தது. மூக்கில் குழாய், கையில் குழாய், கீழே ஒரு குழாய். நாக்கு மரக்கட்டை. தண்ணீர் தர மாட்டார்கள். நனைத்த பஞ்சால் உதட்டைத் துடைப்பார்கள். முதல் நாள் இருமினால் உயிர் போய் வந்தது. ஒரு தலையணையை வயிற்றோடு அழுத்திக்கொண்டு இருமினால் வலி குறையும் என்று ஒரு நர்ஸ் சொல்லிக்கொடுத்தாள். இந்த ஆபரேஷனுக்குப் போகிறவர்கள் அதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். ஒன்பதாம் நாள் தையல் பிரித்தார்கள். எடுத்த கட்டியின் சோதனை முடிவும் வந்தது. புற்றுநோய் இல்லை. என் கணவர் அந்தத் தாளை வாங்கிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, வராண்டா மூலையில் போய்ச் சுவரைப் பார்த்து நின்று அழுதார். பில்லைக் கட்டியது, ஆட்டோ பிடித்தது, என்னைப் பைய இறக்கி வீட்டுக்குள் நடத்திக் கூட்டிப்போனது எல்லாம் குமார்.

அந்தத் தாள் என் கைப்பையில் இருந்தது.

ஆறு வாரம் கழித்து, பதிவு செய்துவிடலாம் என்று நானும் கணவரும் சார்பதிவாளர் அலுவலகத்துக்குப் போனோம். அங்கிருந்த எழுத்தர் வயதானவர். பழைய உயிலின் நம்பரைத் தேடிப் புத்தகத்தைப் புரட்டினார். மஞ்சள் தடவாத, ஆற்றில் விடாத அந்த வரி அங்கே அப்படியே இருந்தது: 'இனிமேல் உண்டாகும் என்ற நம்பிக்கை இல்லாதபடியாலும்.' அவர் இரண்டையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

"அதுல வீடு வாங்குதவரு இதுல சாட்சியா? பெரிய மனசும்மா அந்தப் பையனுக்கு."

நான் ஆமாம் என்றேன்.

என் கணவரால் அதை வயிற்றுக்குள் வைத்துக்கொள்ள முடியவில்லை. தம்பியிடம் போய்ச் சொல்லிவிட்டார். கொழுந்தனார் வீட்டிலிருந்து பேச்சு நின்றது. அதை நான் எதிர்பார்த்திருந்தேன். அடுத்த ஞாயிற்றுக்கிழமை குமார் வந்தான். வண்டியை வாசலில் நிறுத்திவிட்டுக் கேட்டுக்கு வெளியிலேயே நின்றான். "உள்ள வாலே, காப்பி போடுதேன்" என்றேன். வரவில்லை.

"ஆபரேஷன் பேப்பர்னு சொன்னியள்லா பெரியம்மா."

நான் கேட்டின் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"வீடு கோமதிக்குத்தான். அவ பொறந்த அன்னைக்கே எனக்குத் தெரியாதா? எங்கம்மா என்னமும் பேசுவா. நான் என்னைக்காவது பேசியிருக்கனா?" குரல் ஏறவில்லை. "கையை எடுத்திருந்தியன்னா படிச்சுப் பாத்துட்டே போட்டிருப்பேன்."

"குமாரு..."

"கொள்ளி வைக்க ஆளு வேணும்னா சொல்லி விடுங்க. அதுக்கு எழுத்து வேண்டாம்."

வண்டியை மிதித்துக் கிளப்பிக்கொண்டு போய்விட்டான். அதன்பிறகு வரவில்லை. கோமதி இரண்டு முறை அவனைக் கேட்டாள். அவனுக்குக் கடையில் வேலை என்று சொன்னேன்.

ஆசிரியைகள் அறையில் என்னிடம் வலியைப் பற்றிக் கேட்கிறவர்களுக்கு இதைத்தான் சொல்ல வேண்டும். முழுப்பரீட்சை லீவில் ஒருநாள் பெட்டியைத் திறந்து உங்கள் காகிதங்களை வாசியுங்கள். பிள்ளை பிறந்தால், ஒருவர் செத்தால், வீடு மாறினால், மறுபடியும் வாசியுங்கள். யாருக்குக் கொடுக்கிறீர்கள், யாரிடமிருந்து எடுக்கிறீர்கள் என்பதை, கால் தரையில் ஊன்றி நிற்கும்போதே அவரவர் முகத்தைப் பார்த்துச் சொல்லிவிடுங்கள். ஸ்ட்ரெச்சர் வந்து நிற்கிறவரை வைத்திருந்தால் நீங்கள் எப்படிப்பட்டவர் என்பது உங்களுக்கே தெரிந்துபோகும்.

போன வாரம் டாக்டரம்மாவிடம் காட்டப் போனேன். விரல் நுனியில் குத்தி எடுத்துச் சோதித்துவிட்டுத் தாளைப் பார்த்துச் சிரித்தார்.

"பதினொண்ணு. நல்ல மார்க்கு டீச்சர்" என்றார்.